'டிங்' என்று ஒரு சத்தம்

டெக்சாஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் அலுவலகத்தில் ஓர் அமெரிக்கர் இருக்கிறார், பேஸ்பால் பைத்தியம். தொழில்முறை ஆட்டம் ஒன்றைக்கூட விடமாட்டார். ஆனால் டிவியில் கல்லூரி பேஸ்பால் வந்தால் உடனே சேனலை மாற்றிவிடுகிறார். கேட்டால் 'அந்தச் சத்தம் பிடிக்கவில்லை' என்கிறார். சத்தத்துக்காகவா ஒருவர் ஆட்டத்தையே வெறுப்பார்?"

கல்லூரி பேஸ்பால் சிலருக்கு ஒட்டாமல் போவதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் வேறு. பருவம் பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடுகிறது; வட மாநிலங்களில் அப்போது மைதானத்தில் பனி கிடக்கும். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் அள்ளிக்கொண்டு போய்விடும், ஒரு பெயர் மனதில் பதிவதற்குள் ஆள் இருக்கமாட்டார். எல்லாம் சரிதான். ஆனால் உங்கள் நண்பர் சொன்ன காரணம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் மற்ற ரசிகர்களின் புகார்களும் அதே இடத்தில் வந்து நிற்கின்றன.

தொழில்முறை ஆட்டத்தில் மரமட்டை மட்டும்தான். பந்து பட்டால் 'டக்' என்று ஒரு வெடிப்பு. கல்லூரிகள் 1974-ல் அலுமினிய மட்டைக்கு மாறின. மரமட்டை அடிக்கடி உடையும், வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதுதான் முதல் காரணம். சிக்கனத்துக்காக வந்த அந்த உலோகக் குழாய் பந்தை மரத்தைவிட வேகமாக அனுப்பியது. கூடவே 'டிங்' என்று ஒலித்தது. இந்த இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள்.

பேஸ்பால் பந்துக்குள் கார்க்கும் ரப்பரும் சேர்ந்த ஒரு குண்டு, அதன்மேல் இறுக்கிச் சுற்றிய கம்பளி நூல், அதன்மேல் தோல். மட்டை மோதும்போது பந்து சப்பளிந்து போகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் விசை டன் கணக்கில். சப்பளிந்த பந்து மறுபடி உருண்டையாகும்போது வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தருமா என்றால், தராது. உள்ளே நூலோடு நூல் உரசி, முக்கால்வாசி வெப்பமாகப் போய்விடும். கால்வாசிதான் திரும்ப வரும். ஆற்றலைப் பொறுத்தவரை பந்து ஓர் ஓட்டைக் குடம்.

மரமட்டை கெட்டியானது, அது குழியாது. அதனால் நசுங்குகிற வேலை முழுவதும் பந்தின் தலையில் விழுகிறது. ஓட்டைக் குடத்திலேயே எல்லாத் தண்ணீரையும் ஊற்றுகிறோம்.

அலுமினிய மட்டை உள்ளே வெற்றுக் குழாய். சில மில்லிமீட்டர் கனமே உள்ள சுவர். பந்து மோதும்போது அந்தச் சுவரும் கொஞ்சம் உள்வாங்குகிறது. ஒரு பலூனைத் தேங்காயோடு வைத்து அழுத்திப் பாருங்கள், பலூன்தான் நசுங்கும். இரண்டு பலூன்களை வைத்து அழுத்தினால் இரண்டும் நசுக்கலைப் பங்கிட்டுக்கொள்ளும். அப்படித்தான் இங்கேயும் பந்து கொஞ்சம் குறைவாக நசுங்குகிறது, மீதியைச் சுவர் ஏற்றுக்கொள்கிறது. உலோகச் சுவரோ ஓட்டையில்லாத குடம். வாங்கியதைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும், அதுவும் பந்து மட்டையை விட்டுக் கிளம்புவதற்குள். ஆக, மட்டை இளகினால் அடி பலப்படுகிறது! பள்ளியில் படித்த இயற்பியலை வைத்து நான் இதற்கு நேர்மாறாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சியாளர்கள் இதற்கு 'டிராம்போலின் விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

உள்வாங்கிய சுவர் பந்து போனபிறகும் அடங்காது. குழாயின் வட்டம் நீள்வட்டமாகும், பிறகு அதற்குக் குறுக்கான நீள்வட்டமாகும், விநாடிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் தடவை. கோயில் மணியின் விளிம்பு அதிர்வதும் இதே பாணியில்தான். அந்த அதிர்வு காற்றில் ஏறி நம் காதுக்கு வரும்போது 'டிங்'. உங்கள் நண்பரின் காதில் விழுவது, பந்துக்கு உதவி செய்துவிட்டு மிச்சமிருந்த ஆற்றல். 'மரமட்டையால் இவன் இப்படி அடித்திருக்க மாட்டான்' என்று அவர் மனம் முணுமுணுக்கிறது என்று நினைக்கிறேன். முணுமுணுப்பு நியாயமானதே.

இனி ஸ்கோருக்கு வருவோம். மட்டை செய்யும் நிறுவனங்கள் சுவரை மேலும் மேலும் துள்ள வைத்ததன் உச்சம் 1998. நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் நடந்த, கல்லூரி சாம்பியனை முடிவு செய்யும் 'கல்லூரி உலகத் தொடரின்' இறுதி ஆட்டத்தில் தெற்குக் கலிஃபோர்னியா அணி அரிசோனா ஸ்டேட்டை வென்ற கணக்கு 21–14. இது அமெரிக்கக் கால்பந்தின் ஸ்கோர் ஆயிற்றே என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. பந்தை எறியும் பிட்சர்களின் உயிரும் கவலைக்கிடம். மணிக்கு 160 கிலோமீட்டரில் திரும்பி வரும் பந்து, எறிந்து முடித்து முன்னே வந்து நிற்பவரை அடைய அரை விநாடிகூட ஆகாது.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு கடிவாளத்தை இழுக்கத் தொடங்கியது. 2011-ல் 'பி.பி.கோர்' என்ற அளவீடு கட்டாயமானது: மோதலில் மட்டையும் பந்தும் சேர்ந்து காட்டும் துள்ளல் எண் 0.50-ஐத் தாண்டக்கூடாது. கிட்டத்தட்ட மரமட்டையின் அளவு. சுவர்கள் விறைத்தன, ஒலியும் பழைய கணீரை இழந்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் அடிக்கும் சராசரி ஹோம் ரன் (நம் சிக்ஸர்போல் பந்து எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) 2010-ல் 0.94, அடுத்த ஆண்டு 0.52, 2014-ல் 0.39.

இப்போது வேறொரு ரசிகர் கூட்டம் கொட்டாவி விட்டது. 2014 உலகத் தொடரின் 16 ஆட்டங்களில் மொத்தமே மூன்று ஹோம் ரன்கள்! ஒமாஹாவின் புது மைதானத்தில் கோடைக்காற்று வேறு எதிரே வீசிப் பந்தை உள்ளே தள்ளியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பந்தை மெல்லத் தட்டி வைத்து ஆளை ஒரு கட்டம் நகர்த்தும் ஆட்டம்தான். நுணுக்கம் தெரிந்தவருக்கு அது விருந்து, சும்மா டிவியைப் போட்டவருக்கு அது பாங்க் வரிசையில் நிற்பது. ஆட்டம் தேங்கினால் தொப்பியை உள்புறம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டால் ஓட்டம் வரும் என்பது அமெரிக்க ரசிகர்களின் நம்பிக்கை. நம் ஊரில் விக்கெட் விழும் என்று பயந்து இருக்கையைவிட்டு எழாமல் இருப்பார்களே, அவர்களுக்கு உறவு. அந்த மூன்று ஹோம் ரன்களில் ஒன்று, கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் வாண்டர்பில்ட்டின் ஜான் நார்வுட் அடித்தது, 3–2 என்று கோப்பையையே முடிவு செய்தது. அதற்கும் தொப்பிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதினால் எனக்குக் கடிதம் வரும்.

தொப்பி செய்யாததை நூல் செய்தது. அதுவரை கல்லூரிப் பந்தின் தையல் சுமார் 1.2 மில்லிமீட்டர் உயரம் இருந்தது. தையல் என்றதும் கிரிக்கெட் பார்த்த நமக்கு ஸ்விங் ஞாபகம் வரும். ஆனால் உயரப் பறக்கும் பந்துக்குத் தையல் ஒரு சுமை: பந்தை ஒட்டிப் போகும் காற்றை அது சீக்கிரமே பிய்த்துவிடுகிறது, பின்னால் சுழல் பெரிதாகிறது, இழுவை கூடுகிறது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உயரத் தையல் பந்தையும், 0.8 மில்லிமீட்டர் தட்டைத் தையல் பந்தையும் ஒரே வேகத்தில் ஒரே கோணத்தில் ஏவிப் பார்த்தார்கள். தட்டையானது 20 அடி அதிகம் போனது. 2015-ல் கல்லூரிகள் தட்டைத் தையல் பந்துக்கு மாறின, ஹோம் ரன்கள் திரும்பின. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நூல்!

விளையாட்டுப் பந்தைப் பீரங்கியில் வைத்துச் சுட ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் தேவையா என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிரிக்கெட்டில் புரளும் கோடிகளில் ஒரு துளி நம் ஊர் இயற்பியல் துறைகளின் பக்கம் சிந்தினால் நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் பொறாமை.

கடிவாளம் மறுபடி தளர்ந்துவிட்டதோ என்றும் தோன்றுகிறது. 2023 இறுதிச் சுற்றில் ஒரு நாள் ஃபுளோரிடா 24–4 என்று வென்றது. மறுநாள் லூசியானா ஸ்டேட் 18–4 என்று திருப்பி அடித்துக் கோப்பையைத் தூக்கியது. 21–14-க்குச் சலித்துக்கொண்ட முதல் கூட்டம் மறுபடி முகம் சுளித்திருக்கும்.

உங்கள் நண்பருக்கு ஒரு வழி இருக்கிறது. கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் லீகில் இதே கல்லூரிப் பையன்கள்தான் ஆடுகிறார்கள். 1985 முதல் அங்கே மரமட்டைதான். மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் போதும்.