மூட்டுத் தூளிலும் வெள்ளையாக்கும் கிறீமிலும் ஸ்டீரொயிட்: ஒரு சின்னத் தட்டு என்ன சொல்லும், என்ன சொல்லாது

மூன்று நாளில் முழங்கால் உளைவு போய்விட்டது, ஒரு கிழமையில் முகம் வெளுத்துவிட்டது என்று யாராவது ஒரு தூளையோ கிறீமையோ புகழ்ந்தால், அதற்குள் ஸ்டீரொயிட் (வீக்கத்தையும் உளைவையும் வேகமாக அடக்கும் வலுவான மருந்து வகை) இருக்குமோ என்பதுதான் எனக்கு முதலில் வரும் சந்தேகம். யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூட வேலை செய்பவன் என்பதால் தெரிந்தவர்கள் இப்படியான சாமான்களைக் கொண்டுவந்து "இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று தருவார்கள். லேபல் இல்லாத போத்தல், பேப்பரில் சுற்றிய கறுப்புக் குளிசை, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய கிறீம் என்று எல்லாம் வரும்.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டுவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட்டை ஊசியாகக் கொடுத்தார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும், இதே பொருளை ஆராய்ந்த கென்டல், றைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வைத்தியர் அளவு பார்த்துக் கொடுத்தால் இன்றைக்கும் இது உயிர் காக்கும் மருந்துதான். அதே வேகமான சுகத்தை ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் தூளுக்குள் கலந்து விற்கும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. சாப்பிடுபவருக்கு, தான் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டை எடுப்பதே தெரியாது. முகம் உப்பும், சீனி ஏறும், பிறசர் ஏறும், எலும்பு தேயும், இதெல்லாம் ஏன் வருகிறது என்று வைத்தியருக்கும் விளங்காது.

இதைப் பிடிக்க நாங்கள் முதலில் எடுப்பது பெரிய மெஷின் இல்லை, மென்படை நிறப்பகுப்பு, ஆய்வுகூடப் பேச்சில் ரீ.எல்.சி. அலுமினியத் தகட்டில் 0.2 மில்லிமீற்றர் தடிப்பில் சிலிக்கா ஜெல் பூசிய தட்டு. கீழிருந்து ஒரு சென்றிமீற்றர் உயரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, நுண்குழாயால் மாதிரியையும் பக்கத்திலேயே ஒப்பிடுவதற்காகச் சுத்தமான டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன் (இன்னொரு ஸ்டீரொயிட்) கரைசல்களையும் சின்னச் சின்னப் பொட்டாக வைக்கிறோம். பிறகு மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் கரைப்பானில் நிறுத்தினால், வேட்டித் தலைப்பில் தண்ணீர் ஏறுவது போல அது தட்டில் ஏறும். ஏறும்போது ஒவ்வொரு சேர்மத்தையும் ஒவ்வொரு உயரத்தில் விட்டுச் செல்லும். ஹைட்ரொக்சில் கூட்டங்கள் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சிறு பகுதிகள்) அதிகமுள்ள பிரெட்னிசொலோன் சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கும், அவற்றில் ஒன்று எஸ்டராகி மறைந்துவிட்ட பீற்றாமெதசோன் வலரேற் என்ற ஸ்டீரொயிட் மேலே போகும்.

இந்தத் தட்டில் எவ்வளவு சிறிய அளவு தெரியும் என்று பலர் கேட்பார்கள். ஒரு கிராம் தூளில் 0.5 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன், அதாவது ஒரு சின்னக் குளிசையில் இருக்கும் அளவு, கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 5 மில்லிலீற்றர் மெதனோலில் குலுக்கி வடித்து 10 மைக்ரோலீற்றரைத் தட்டில் வைத்தால் 1 மைக்ரோகிராம் வந்துவிடும், அது யூவி (புற ஊதா) விளக்கில் தெளிவாகவே தெரியும். கிறீம் என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை. இளஞ்சூட்டில் மெதனோலோடு குலுக்கி, பிறகு ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, கட்டியாகும் மெழுகையும் கொழுப்பையும் வடித்து எறிய வேண்டும், இல்லாவிட்டால் பொட்டுகள் எல்லாம் இழுபட்டு வால் விடும்.

254 நனோமீற்றர் யூவியில் தட்டு முழுக்கப் பச்சையாக ஒளிரும், இந்த ஸ்டீரொயிட்கள் இருக்கும் இடம் மட்டும் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அவற்றின் முதல் வளையத்தில் இருக்கும் கீற்றோன் அமைப்பு அந்த ஒளியை உறிஞ்சுவதால் அப்படி. கறுப்பைக் கண்டவுடன் "பிடிச்சாச்சு" என்று துள்ளக் கூடாது. கிறீம்களில் பழுதாகாமல் இருக்கப் போடும் பரபென்களும் கறுப்பாகத்தான் தெரியும். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசினும் அப்படியே.

இதைவிடப் பெரிய குழப்பம் சல்பூரிக் அமிலத்தால் வருகிறது. அமிலம் தெளித்து 110 பாகையில் சூடாக்கினால் ஊதா, நீலம் என்று நிறங்கள் வரும், உடனே "ஸ்டீரொயிட் உண்டு" என்று எழுதிவிடுவார்கள். அநேகமாக எல்லாத் தாவரத்திலும் சிற்றொஸ்ரரோல் போன்ற ஸ்ரெரோல்கள் இருக்கின்றன, அமுக்கிராவில் விதனொலைட்டுகள் என்ற சேர்மங்கள் இருக்கின்றன, இவற்றுக்கும் அதே நாலு வளைய எலும்புக்கூடுதான். அந்த நிறத்தை வைத்து ஒரு பரியாரியின் சூரணத்தில் கள்ள மருந்து என்று சொல்வது பெரிய அநியாயம். கைதடியில் முறையாகச் சித்த மருத்துவம் படித்து வந்து நேர்மையாக மருந்து செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பெயரை அரைகுறைச் சோதனையால் கெடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அதனால்தான் நான் மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று பார்ப்பேன்: யூவியில் கறுப்பு, பக்கத்தில் வைத்த சுத்தமான மருந்தின் அதே உயரம், காரத்தோடு ரெட்ராசோலியம் நீலம் என்ற சோதனைப் பொருளைத் தெளிக்கும்போது ஊதா நீல நிறம். கடைசி நிறம் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசொலோன் போன்றவற்றின் பக்கச் சங்கிலியில் உள்ள கீற்றோனும் அதை ஒட்டிய ஹைட்ரொக்சிலும் சேர்ந்து தருவது. சிற்றொஸ்ரரோல் அதைத் தராது, பரபெனும் தராது. லேகியத்தில் உள்ள சீனிகள் தரக்கூடும், ஆனால் அவை கோட்டை விட்டு நகராமல் அடியிலேயே கிடக்கும். கவனிக்க வேண்டியது குளோபெட்டாசோல் என்ற மிக வலுவான ஸ்டீரொயிட். வெள்ளையாக்கும் கிறீம்களில் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், ஆனால் அதில் அந்த ஹைட்ரொக்சில் இருக்கும் இடத்தில் குளோரின் இருப்பதால் நீலத்தை நம்ப முடியாது. நீலம் வரவில்லை, கிறீம் சுத்தம் என்று சொல்லிவிட்டால் மிக வலுவான ஒன்றையே தவறவிட்டுவிடுவோம். குளோபெட்டாசோலுக்கு அதனுடைய சுத்தமான மாதிரியைத் தட்டில் வைத்தே ஆக வேண்டும்.

எங்கள் ஊர் வெயிலும் இதில் கைவைக்கும். நாங்கள் பாவிக்கும் கரைப்பான் டைகுளோரோமெதேன் 77, ஈதர் 15, மெதனோல் 8, தண்ணீர் 1.2 பங்கு. டைகுளோரோமெதேன் 40 பாகையில் கொதிக்கும், ஈதர் 35இலேயே. சித்திரை வைகாசி மத்தியானத்தில் தொட்டி மூடியை இரண்டு தரம் திறந்தாலே கலவையின் விகிதம் மாறிவிடும், காலையில் வந்த உயரம் பின்னேரம் வராது. கார்த்திகை மழைக்குள் தட்டு ஈரத்தை உறிஞ்சி வேறு விதமாகக் குழப்பும், அடுப்பில் 110 பாகையில் அரை மணித்தியாலம் வைத்து எடுக்க வேண்டும். ஆகவே புத்தகத்தில் போட்டிருக்கும் உயரத்தோடு ஒப்பிட்டு முடிவு சொல்வதை நான் ஏற்பதில்லை, சுத்தமான மருந்து அதே தட்டில் ஓடியிருக்க வேண்டும்.

சரி, இவ்வளவும் செய்தும் தட்டால் சொல்ல முடியாதவை இருக்கின்றன. டெக்ஸாமெதசோனும் பீற்றாமெதசோனும் ஒரு மெதைல் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் மட்டும் வேறுபடுபவை, சாதாரணத் தட்டில் பிரிவது மிகக் கஷ்டம். எத்தனை மில்லிகிராம் என்றும் திருத்தமாக வராது. கிறீமில் பாதரசம் இருந்தால் அது இந்தச் சோதனைக்கு வெளியே. தட்டில் சந்தேகம் வந்தால் எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ நிறப்பகுப்பு), திணிவு நிறமாலை என்று பெரிய மெஷின்களில் செய்யும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

நீங்கள் ஒன்றைச் சோதிக்கக் கொடுப்பதாக இருந்தால் பேப்பரில் ஒரு கரண்டி கொட்டிக் கொண்டுவர வேண்டாம். வாங்கிய போத்தலோடு, லேபலோடு, சிட்டை இருந்தால் அதோடும் கொண்டுவாருங்கள். முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் உணவு, மருந்துப் பரிசோதகருக்கும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் அதுதான் உதவும்.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விட அவசரமானது. இதை வாசித்த பயத்தில், மாதக்கணக்காகச் சாப்பிட்டு வந்த தூளை இன்றைக்கே வீசிவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீரொயிட் தொடர்ந்து வந்தால் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அதிரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், திடீரென்று நிறுத்தினால் சத்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு காலம், ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி அல்லது குளிசை என்று ஒரு தாளில் எழுதி, மிச்சத் தூளையும் எடுத்துக்கொண்டு போதனா வைத்தியசாலைக்கோ உங்கள் வைத்தியரிடமோ தாமதிக்காமல் போங்கள். எவ்வளவு கொடுத்து எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை அவர் முடிவு செய்வார்.