கை ஆபரேஷனுக்கு வருகிறீர்களா? முதலில் அந்த டீயைக் கீழே வையுங்கள்

தஞ்சாவூர் பக்கம் மயக்க மருத்துவராக இருக்கிறேன். ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர் நோயாளிகள் எல்லோருக்கும் தெரியும். என்னை "ஊசி போடுற டாக்டர்" என்பார்கள், அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் ஆபரேஷன் அன்று காலையிலிருந்து அவர்கள் பக்கத்திலேயே இருக்கிற ஆள் நான். அதனால் அந்த ஒரு நாளைப் பற்றி நானே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்களிடம் வரும் கைகள் பலவிதம். வரப்பில் வழுக்கி மணிக்கட்டு உடைந்த கை, கருக்கரிவாள் பட்டு நரம்பு அறுந்த விரல் (ஊரில் நரம்பு என்று சொல்வது பல சமயம் தசைநாணைத்தான், அதாவது தசையை எலும்போடு சேர்க்கும் கயிறு போன்ற பகுதியை), விரல்கள் மரத்துப்போய் ராத்திரியெல்லாம் உதறிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் கை. அடிபட்டு அவசரமாக ஓடிவருபவர்கள் கதை வேறு. இது நாள் குறித்து வருபவர்களுக்கு.

காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கத்து ஆட்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றுவிட்டால் டீக்கடை கண்ணில் படும். "டீதானே டாக்டர், சாப்பாடு எதுவும் சாப்பிடலையே" என்பார்கள். பால் கலந்த டீயும் காப்பியும் எங்கள் கணக்கில் சாப்பாடுதான். அதைக் குடித்தால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் எட்டு மணி நேரம். நீராகாரம், கஞ்சி, மோர் எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். கும்பகோணத்துக்காரர்களிடம் காலைக் காப்பி வேண்டாம் என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். வெற்றிலை சீவலும் அன்றைக்கு வேண்டாம், புகையிலை சேர்த்தால் கேட்கவே வேண்டாம்.

"கையை மட்டும்தானே மரக்க வைக்கப்போறீங்க, வயிறு எதுக்குக் காலியா இருக்கணும்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கையை மரக்க வைக்கும் ஊசி சில நேரம் முழுதாகப் பிடிக்காது. அப்போது முழு மயக்கம் கொடுக்க வேண்டிவரும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் டீ குடித்துவிட்டு வந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் மத்தியானத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். பிரஷர் மாத்திரையைப் பொதுவாக ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வோம். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரலாம். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை இரண்டையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டாலும் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

அப்புறம் மோதிரம். ஆபரேஷன் முடிந்தால் கை வீங்கும், வீங்கிய விரலில் மோதிரம் இருந்தால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். முதல் நாளே வீட்டில் சோப்பு நுரை போட்டுக் கழற்றிப் பாருங்கள். வரவில்லை என்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கல்யாண மோதிரத்தை வெட்டும்போது தியேட்டர் வாசலில் நடக்கும் அழுகை ஆபரேஷனைவிடப் பெரிது. கோவில் கயிற்றை அறுக்க மனம் வராவிட்டால் அவிழ்த்து மறு கையில் கட்டிக்கொண்டு வாருங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நகத்தில் பாலிஷும் மருதாணியும் வேண்டாம். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். விரலுக்கு ரத்தம் போகிறதா என்று நாங்கள் பார்ப்பது இப்படித்தான். இறுக்கமான கை வைத்த ரவிக்கை போட்டு வந்தால், திரும்பிப் போகும்போது கட்டுக்கு மேல் அது ஏறாது. முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொள உடை போதும்.

உள்ளே வந்ததும் பெயரையும் எந்தக் கை என்பதையும் மூன்று நான்கு பேர் மாறி மாறிக் கேட்பார்கள். பேனாவால் கையில் குறியும் போடுவார்கள். "இத்தனை பேர் கேக்குறாங்களே, இவங்களுக்கே தெரியாதா" என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். கேட்காமல் விட்டால்தான் பயப்பட வேண்டும்.

இனி என் வேலை. பெரும்பாலும் காறை எலும்புக்கு மேலேயோ அக்குளிலோ ஊசி போடுவேன். ஸ்கேனில் பார்த்தால் கைக்குப் போகும் நரம்புகள் ஒரு சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். அதைச் சுற்றி மருந்து விட வேண்டும். முதலில் கை வெதுவெதுப்பாகும், பிறகு எறும்பு ஊருவது போல் இருக்கும், இருபது முப்பது நிமிஷத்தில் யாரோ ஒருவருடைய கையைத் தூக்கி மடியில் வைத்த மாதிரி ஆகிவிடும். தொடுவதும் இழுப்பதும் லேசாகத் தெரியலாம், வலி தெரியாது. தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் சொல்லுங்கள். ஊசி போட்ட பக்கத்துக் கண்ணிமை லேசாக இறங்கலாம், குரல் கம்மலாம். மருந்தின் வேகம் விட்டதும் இரண்டும் சரியாகிவிடும். மூச்சு முட்டினால் மட்டும் உடனே சொல்ல வேண்டும்.

மேற்கையில் பிரஷர் பார்க்கும் பட்டை போல ஒன்றைக் கட்டிக் காற்று ஏற்றுவோம். ரத்தம் வராமல் இருந்தால்தான் நுணுக்கமான வேலை செய்ய முடியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம். சின்ன ஆபரேஷன்களுக்கு இப்போது அந்தப் பட்டைகூட இல்லாமல், மரப்பு மருந்தோடு, ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் சேர்த்து அந்த இடத்திலேயே போடுகிறோம். விரலில் அட்ரினலின் போடவே கூடாது என்று படித்து வந்தவன் நான், அதனால் முதல் தடவை எனக்கே கை கூசியது. ஆனால் இதில் ஒரு அழகு உண்டு. அறுந்த தசைநாணைத் தைத்ததும் சர்ஜன், "ஐயா, விரலை மடக்குங்க பார்ப்போம்" என்பார். படுத்திருப்பவர் மடக்குவார். தையல் தாங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடலாம். என் கவலை எல்லாம் அன்று ராத்திரியைப் பற்றித்தான்.

மரத்த கை எட்டுப் பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு மறுநாள் காலை வரைகூட அப்படியே இருக்கும். சூடு தெரியாது, நசுங்கினால் தெரியாது. மரத்த கையோடு அடுப்பங்கரைக்குப் போன ஒரு அம்மா, பால் பாத்திரத்தின் மேல் முழங்கையைச் சாய்த்துவிட்டார். தோல் வெந்த வாசனை வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதனால் கைக்குத் திரும்ப உயிர் வரும்வரை அடுப்பு, அரிவாள்மணை எதன் பக்கமும் வேண்டாம். ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தூங்கவும் வேண்டாம், அங்கே ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது.

மரப்பு விடும்போது வலி படிப்படியாக வராது, சட்டென்று பிடித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு. "வலியே இல்லையே, மாத்திரை எதுக்கு?" என்று பையில் வைத்துக்கொண்டு படுத்தவர்கள்தான் அந்த நேரத்தில் போன் செய்வார்கள். சாயங்காலமே சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். விரல் நுனியில் சுருசுருவென்று வந்தால் மரப்பு விடப்போகிறது என்று அர்த்தம்.

கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். கழுத்தில் தொங்கவிடும் துணியில் கை நெஞ்சுக்குக் கீழேதான் நிற்கும், வீக்கம் வடியாது. படுக்கையில் இரண்டு தலையணை வையுங்கள். ஒருவர் வீட்டுத் தூளிக் கொக்கியில் துண்டைக் கட்டி அதில் முழங்கை முதல் விரல் வரை தாங்க வைத்துப் படுத்திருந்தார். மறுநாள் வீக்கமே இல்லை. அன்றிலிருந்து எல்லோருக்கும் அதைச் சொல்கிறேன். தசைநாண் தைத்தவர்கள் தவிர மற்றவர்கள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கலாம்.

விரல் நீலமாகவோ வெளுத்தோ சில்லிட்டோ போனாலும், மாத்திரைக்குக் கேட்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலும், மரப்பு விட்ட பிறகு மறுபடி மரத்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கட்டு இறுகியிருக்கலாம், உள்ளே வீக்கம் நெரிக்கலாம். சில மணி நேரத்தில் தசையே செத்துவிடும். ராத்திரி இரண்டு மணியானாலும் போன் செய்யுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, "எப்போ வயல்ல இறங்கலாம்?" மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்துவிட்டால் இந்தக் கேள்வி தினமும் வரும். தையல் பிரிக்கவே பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும், அதுவரை சேறும் தண்ணீரும் படக்கூடாது. தசைநாண் தைத்த கை பாரம் தூக்க மூன்று மாதம் ஆகும். பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.