பூச்சியியல் கழகம்: சொல் விளக்கம்

பூச்சிகளைத் தேடிப் பார்த்து, சேகரித்து, பெயர் கண்டு, குறிப்பெழுதி, ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக்கொள்ள ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தும் அமைப்புதான் எண்டமாலஜிகல் சொசைட்டி. சில அமைப்புகள் இதோடு நேச்சுரல் ஹிஸ்டரி என்பதையும் சேர்த்துக்கொள்ளும். சொற்பிறப்பியலைக் குறிக்கும் எட்டிமாலஜி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

எண்டொமொன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெட்டுப்பட்டது என்று பொருள். தலை, மார்பு, வயிறு என உடல் துண்டு துண்டாகத் தெரிவதால் அரிஸ்டாட்டில் இவ்வுயிர்களை எண்டொமா என்றார். லத்தீன்காரர்கள் அதை அப்படியே பெயர்த்து இன்செக்டம் ஆக்கினார்கள்.

தமிழ் மரபு உடலை விட்டு அறிவைப் பார்த்தது. தொல்காப்பிய மரபியலில் சிதலும் எறும்பும் மூன்றறிவு உயிர்கள். சிதல் என்றால் கறையான். நண்டும் தும்பியும் நான்கறிவு. நண்டையும் தும்பியையும் ஒன்றாக வைத்திருக்கிறாரே என்று சிரிக்க வேண்டாம். இன்றைய விலங்கியலும் இரண்டையும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருந்தொகுதியில்தான் வைக்கிறது. அந்தப் பழைய தும்பி வண்டினம். இப்போது தும்பி என்றால் பலருக்கும் தட்டான்தான் நினைவுக்கு வரும்.

சரி, பூச்சி? கடலூர்ப் பக்கம் இந்தச் சொல்லை நம்பி விலங்கியல் நடத்த முடியாது. "இருட்டுல போகாதே, பூச்சி பொட்டு இருக்கும்" என்றால் பாம்பும் தேளும். குழந்தைக்கு வயிற்றில் பூச்சி என்றால் குடற்புழு. கல்யாணமான பெண்ணிடம் "புழு பூச்சி ஏதும் உண்டா?" என்று கிழவிகள் கேட்பது கருவை. அறிவியலில் பூச்சிக்கு ஆறு கால்தான், எட்டுக்கால் பூச்சிக்குப் பெயரிலேயே இரண்டு அதிகம். போதாததற்கு, பண்ருட்டி முந்திரித் தோப்புகளில் தளிரையும் பூவையும் கருகவைக்கும் தேயிலைக் கொசு கொசுவே அல்ல. சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகை.

இந்தக் குழப்பத்துக்காகவே அறுகாலி என்ற கலைச்சொல்லைச் சிலர் எழுதுகிறார்கள். ஆறு கால் உள்ளது, துல்லியமான சொல். பழைய இலக்கியத்தில் வண்டுக்கு அறுகால் என்ற பெயரும் உண்டு. ஆனாலும் அறுகாலியியல் என்று சொன்னால் நாக்கு தடுக்கும், முந்திரிக்காரருக்கும் புரியாது. பூச்சியியல் என்ற சொல்லோ பாடநூலிலும் வேளாண்மைத் துறையிலும் ஊன்றிவிட்டது. அதுவே இருக்கட்டும்.

இயற்கை வரலாறு என்ற மொழிபெயர்ப்புதான் எனக்கு உறுத்துகிறது. கிரேக்கத்தில் ஹிஸ்டோரியா என்றால் விசாரித்து அறிதல். கடந்த காலக் கதை என்ற பொருள் பின்னால் இறுகியது. ஆகவே நேச்சுரல் ஹிஸ்டரி என்பது இயற்கையை நேரில் கவனித்து அறிவது. மன்னர் வரலாறு போல இயற்கைக்கு எழுதிய வரலாறு அல்ல. இயற்கையியல் என்றால் பொருள் நேராக நிற்கும். இயற்கையியலாளர் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

இத்தகைய கழகங்களில் இன்றும் இயங்குவனவற்றுள் மூத்தது 1832-இல் பாரிசில் தொடங்கிய பிரான்சுப் பூச்சியியல் கழகம். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். அடுத்த ஆண்டே லண்டனிலும் ஒன்று. டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் வாலஸ் 1870-இல் அதன் தலைவர். நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-இலும், இந்தியப் பூச்சியியல் கழகம் 1938-இலும் தோன்றின.

கழகங்களுக்கு முன்பே வேலை நம் கரையில் தொடங்கிவிட்டது. கடலூருக்குத் தெற்கே, டேனிஷ்காரர்களிடம் இருந்த தரங்கம்பாடிக்கு 1768-இல் மருத்துவராக வந்தவர் கோனிக், உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். செடிகொடிகளோடு பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். வெண்டை, பருத்திச் செடிகளில் இரண்டிரண்டாகப் பின்புறம் ஒட்டிக்கொண்டு நடக்கும் சிவப்புப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1775-இல் அதற்கு வைத்த அறிவியல் பெயரில் கோனிக்கின் பெயர் இருக்கிறது: கோனிகியை. இன்று முழுப்பெயர் டிஸ்டெர்கஸ் கோனிகியை.

சொசைட்டிக்குச் சங்கமா, கழகமா, மன்றமா? சொசைட்டிக்கு மூலமான லத்தீன் சோசியஸ் என்றால் தோழன். கழகம் என்றால் இப்போது கட்சிக்கொடி நினைவுக்கு வரும். அதற்கு முன்னே அதன் வாழ்க்கை இன்னும் சுவையானது: திருக்குறளில் சூதாடும் இடம், கம்பனில் கலை பயிலும் இடம். கூடிப் பயிலும் இடம் என்ற பொருளில் அறிஞர் அமைப்புக்குப் பொருந்துகிறது. பல்கலைக்கழகத்தில் யாரும் கட்சியைத் தேடுவதில்லை. பள்ளியிலோ தெருவிலோ பத்துப்பேர் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி பார்ப்பதற்கு மன்றம் போதும்.

இரண்டும் சேர்ந்த அமைப்பென்றால் பூச்சியியல், இயற்கையியல் கழகம். நடுவில் "மற்றும்" வேண்டாம். அது அரசாணைத் தமிழ். ஒன்று மட்டும் கவனிக்க: தமிழ்நாட்டில் பதிவு நடப்பது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி. பலகையில் கழகம் என்றோ மன்றம் என்றோ எழுதினாலும் பதிவேட்டில் அது சங்கம்தான்.