நுவரெலியாக் குளிரும் வேன் ஸ்டிக்கரும்

ஏப்ரல் சீசன் என்றால் நுவரெலியாவில் கால் வைக்க இடமிருக்காது. பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், கொழும்பிலிருந்து ஏறி வரும் சனம். வேன்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் நாலு காசு சேர்கிற காலம் அது. அதனால் வண்டியைப் புதுசாகக் காட்டும் வேலைகளை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவார்கள். பெயின்ட் அடித்துக் காயவிடுவதை விட, வினைல் ஸ்டிக்கர் ஒட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் ஜனவரியும் பெப்ரவரியும்தான் விடியற்காலையில் புல் வெள்ளையாக உறைந்து, தேயிலைக் கொழுந்து கருகிப்போகிற மாதங்கள். வினைல் ஒட்டுவதற்கு அதைவிட மோசமான நேரம் இங்கே வேறு கிடையாது.

என் மச்சானின் வேனில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு ஜனவரிக் காலை ஏழரை மணிக்கு, முன்பக்கம் திறந்த ஒரு தகரக் கொட்டகையில் பொனட்டுக்கும் இரு பக்கக் கதவுகளுக்கும் ஒட்டினார்கள். அன்று பளபளவென்றுதான் இருந்தது. ஏப்ரல் வெயில் வந்ததும் கதவில் நீளமாக ஓடும் பள்ளத்தின் மேல் ஸ்டிக்கர் கூடாரம் போலக் கிளம்பி நின்றது. பொனட் ஓரமும் சுருண்டுவிட்டது. "சாமான் சரியில்லை" என்றார் மச்சான். அதே ரோலில் மிச்சமிருந்த துண்டை வேறொரு நாள் மத்தியானம், அதே கொட்டகையில், சித்தி மகனின் ஓட்டோவுக்கு ஒட்டியிருந்தார்கள். அது அசையவே இல்லை. ரோல் ஒன்று, ஒட்டிய கையும் ஒன்று. மாறியது வெப்பநிலை மட்டும்தான்.

வினைல் என்பது தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்கிறது, ஸ்டிக்கர் துணி போல வளைகிறது. வித்தியாசம், உள்ளே கலந்திருக்கும் மென்மையாக்கியில் இருக்கிறது. பிவிசியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே எண்ணெய் போன்ற சிறு மூலக்கூறுகள் புகுந்து அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க விடுகின்றன. 1926இல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் இதைக் கண்டுபிடித்தார். அவர் தேடியது இதையல்ல. ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். நூறு வருடம் கழித்து அந்தப் பிளாஸ்டிக்கை உலோகத்தோடு ஒட்டவைக்க நாம் பாடுபடுகிறோம் என்று நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது.

மென்மையாக்கி கலக்காத பிவிசி ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில்தான் இளகத் தொடங்கும். மென்மையாக்கி அந்த எல்லையைக் கீழே இழுத்துக்கொண்டு வருவதால்தான் சாதாரண வெப்பநிலையிலேயே ஸ்டிக்கர் வளைந்து கொடுக்கிறது. ஆனால் குளிர் கூடக்கூடச் சங்கிலிகள் மறுபடி சோம்பிப் போகும். படலம் விறைக்கும். வளைவில் இழுத்தால் கிழியும், அல்லது இழுபட்டதை மனதில் வைத்துக்கொண்டே ஒட்டிக்கிடக்கும். அந்த ஞாபகத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் பசை.

மலையகத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உறைந்துதான் நிற்கும். அடுப்படியில் வைத்து இளக்கித்தான் தலைக்கு வைப்போம். ஸ்டிக்கர் பசையும் அப்படி உறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் திரவ நிலையிலிருந்து திண்மத்துக்கு மாறுகிறது. அதற்கு ஒரு கோடு இருக்கிறது. ஸ்டிக்கரில் இருக்கும் அக்ரிலிக் பசைக்கு நம் ஊர்க் குளிரில் அப்படி எந்தக் கோடும் இல்லை. அது கித்துள் பனையிலிருந்து காய்ச்சும் கெட்டியான பாணி மாதிரி. கொழும்பில் கரண்டியைச் சாய்த்தால் வழியும், நுவரெலியாவில் கரண்டியோடு தொங்கி நிற்கும். உறையவில்லை, மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த மெதுவில்தான் சிக்கல். பெயின்ட் மேற்பரப்பு நம் கண்ணுக்குத்தான் வழவழப்பு. நுணுக்கிப் பார்த்தால் அதுவும் நம் ஊர் போல மேடும் பள்ளமும்தான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் விசை மிக மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் எட்டும், ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு. ஆகவே பசை மேடுகளை மட்டும் தொட்டால் போதாது, காலைப் பனிமூட்டம் பள்ளத்தாக்குகளில் இறங்கி நிரம்புவது போல ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கவேண்டும். த்ரீ எம் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் டால்க்விஸ்ட் இதற்கு ஓர் அளவுகோல் சொன்னார்: பசையின் விறைப்பு ஏறத்தாழ 3 இலட்சம் பாஸ்கலுக்குக் (விறைப்பையும் அழுத்தத்தையும் அளக்கும் அலகு) கீழே இருந்தால்தான் அது தொட்டவுடன் ஒட்டும். குளிரில் விறைப்பு ஏறுகிறது. பசையில் ஒரு குறையும் இல்லாமலே, அது தொடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. பசை பள்ளங்களில் முழுவதும் இறங்கி முடிய நல்ல வெப்பத்திலேயே ஒன்றிரண்டு நாள் ஆகும். குளிரில் இன்னும் நீளும். ஒட்டிய அன்றே மழையில் ஓட்டாதீர்கள், கழுவாதீர்கள் என்று கடைக்காரர் சொல்வது இதற்காகத்தான்.

வாகனம் முழுக்கப் போர்த்தும் வினைல் ரகங்களுக்கு, ஒட்டும் நேரத்தில் 20 பாகையை ஒட்டிய வெப்பநிலை இருந்தால் நல்லது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். சரி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் இருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் நான் பார்த்த அநேகர் தவறுகிறார்கள். அவர்கள் ஸ்டிக்கரைச் சூடாக்குகிறார்கள், தகட்டை விட்டுவிடுகிறார்கள். படலமும் பசையும் சேர்ந்து ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குத் தடிப்புத்தான். அவ்வளவு மெல்லிய அடுக்கைக் குளிர்ந்த இரும்பில் வைத்தால், அதன் சூடு பத்தில் ஒரு செக்கனுக்குள் தகட்டுக்குப் போய்விடும். கையில் இளகி நின்ற ஸ்டிக்கர், தொட்ட மாத்திரத்தில் தகட்டின் வெப்பநிலைக்கு வந்துவிடுகிறது. கொட்டகைக்குள் காற்று எத்தனை பாகை என்பதும் இரண்டாம்பட்சம். இரவெல்லாம் வெளியே நின்ற வேனின் பொனட்டுக்குக் கீழே முழு இஞ்சினும் ஐஸ்கட்டியாகக் கிடக்கும்போது, உள்ளே கொண்டுவந்து அரை மணி நேரத்தில் அது சூடாகாது. தகட்டைத்தான் அளக்கவேண்டும், தகட்டைத்தான் சூடாக்கவேண்டும்.

அளப்பதற்கு அகச்சிவப்புத் தேர்மோமீற்றர் போதும். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தார்களே, அந்த இனம்தான், ஆனால் அதுவே அல்ல. அது உடல் வெப்பத்துக்கு மட்டும் அளவு செய்தது. கராஜ் வேலைக்கு உள்ள ரகம் வேண்டும். பெயின்ட் மேல் பிடித்தால் சரியாகக் காட்டும். குரோம் போலப் பளபளக்கும் உலோகத்தில் பிடித்தால் பொய் சொல்லும், ஏனென்றால் பளபளப்பு தன் வெப்பக்கதிர்களை அதிகம் விடாது, பக்கத்தில் இருப்பவற்றின் கதிர்களையே திருப்பி அனுப்பும்.

குளிரை விடப் பெரிய எதிரி ஈரம். மேகமில்லாத இரவில் வேனின் கூரையும் பொனட்டும் தங்கள் வெப்பத்தை நேரே வானத்துக்கு அனுப்பிவிட்டு, சுற்றியிருக்கும் காற்றை விடவும் குளிர்ந்துவிடுகின்றன. அதனால்தான் மழையே இல்லாத காலையிலும் வண்டி நனைந்து நிற்கிறது. அதைத் துடைத்துவிட்டு, இதமான கொட்டகைக்குள் கொண்டுபோனால் தீர்ந்ததா? இல்லை. உள்ளே 20 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம் என்றால், அந்தக் காற்று ஏறத்தாழ 16 பாகைக்குக் குளிர்ந்தாலே நீரை விடத் தொடங்கும். தகடு 12 பாகையில் இருந்தால் துடைக்கத் துடைக்க வியர்க்கும். ஸ்டிக்கர் பசைக்கும் பெயின்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அந்த நீர்ப்படலம் கிடந்தால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் வீண்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கொட்டகையைச் சூடாக்கக் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிற பழக்கம் இருக்கிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி வெளிவரும். எரிவாயுவில் உள்ள ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து நீராவதால் எடை கூடுகிறது. சூடாக்குகிறேன் என்று நினைத்து அறையை நனைக்கிறோம். கரி அடுப்பு அவ்வளவு நீராவி விடாது, ஆனால் கதவைச் சாத்திய அறையில் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு சேர்ந்து ஆளையே கொன்றுவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின் ஹீட்டர் நல்லது. அதைவிட நல்லது, முதல் நாள் சாயந்தரமே வண்டியை உள்ளே நிறுத்திவிடுவது.

ஒட்டுவதற்கு முன் தகட்டைத் துடைக்கிற அல்ககோலும் குளிரில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மெதுவாக ஆவியாகும், ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். உலர்ந்த துணியால் உடனே துடைத்து, தகட்டை மறுபடி இளஞ்சூடாக்கியபின் ஒட்டவேண்டும்.

இனி அந்த ஞாபகம். மச்சானின் கதவுப் பள்ளத்தில், விறைத்த படலத்தை வலுக்கட்டாயமாக இழுத்து உள்ளே அழுத்தியிருக்கிறார்கள். குளிர் இருந்தவரை அது பேசாமல் கிடந்தது. ஏப்ரலில் வெயில் பட்டு அடர்ந்த நிறத் தகடு சூடேறியதும் சங்கிலிகளுக்கு அசையும் தெம்பு வந்தது. இழுபட்டவை பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்த்தன. பசை சூட்டில் இளகி நிற்கும் நேரமும் அதுதான். பிடி விட்டுவிட்டது. ஒட்டிய அன்றே பள்ளங்களையும் ஓரங்களையும் 90 பாகைக்கு மேல் சூடாக்கியிருந்தால், சங்கிலிகள் புதிய வடிவத்திலேயே ஒழுங்குபட்டு, பழையதை மறந்திருக்கும். சரியான அளவு ரகத்துக்கு ரகம் மாறும், ரோலோடு வரும் தாளில் இருக்கும். உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தட்டையாக்கிச் செய்யும் மலிவு ரகங்களுக்கு இந்தச் சுருங்கும் புத்தி பிறவியிலேயே அதிகம். திரவமாக ஊற்றி உலர்த்திச் செய்யும் காஸ்ட் ரகத்துக்குக் குறைவு.

கொழும்பில் ஒட்டிக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்பார்கள். நல்ல யோசனைதான். முழுதாகப் பிடித்துவிட்ட வினைலுக்கு நுவரெலியாக் குளிர் ஒரு பொருட்டே அல்ல, உறைநிலைக்கு வெகு கீழேயும் அது தாங்கும். ஒட்டும் நாளில் மட்டும்தான் குளிர் ஆகாது. ஆனால் உள்ளே காற்றுக் குமிழிகளை விட்டுவிடாதீர்கள். மலை ஏறும்போது சிப்ஸ் பக்கற் பந்து போல உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே காரணத்தால் குமிழியும் உப்பப் பார்க்கும்.

போன வருடம் மச்சான் அந்தக் கதவுகளை மறுபடி செய்வித்தார். முதல் நாள் பின்னேரமே வேனை உள்ளே விட்டு, மறுநாள் பத்தரைக்குத் தகடு 21 பாகை காட்டியபிறகுதான் முதல் துண்டைப் பிரித்தார்கள். பள்ளத்தை ஹீட் கன்னால் கடைசியாகச் சூடாக்கி, அன்றிரவும் வண்டியை அங்கேயே விட்டுவந்தோம். ஒரு சீசன் முழுக்க வெயிலும் மழையும் பார்த்த பிறகும், பள்ளத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் ஸ்டிக்கர் அமுங்குவதில்லை, கெட்டியாகத் தகடுதான் தட்டுப்படுகிறது.