நகல் ஏன் பின்தங்குகிறது? போஸ்ட்கிரெஸில் காரணத்தைத் தேடும் முறை

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் புகார்களில் ஒன்று, பயனர் சேமித்த தகவல் சேமித்த கையோடு திரையில் தெரியவில்லை என்பது. தகவல் முதன்மைச் சர்வரில் பத்திரமாக ஏறியிருக்கும். ஆனால் திரைக்குப் படித்துக் கொடுப்பது நகல் சர்வராக இருந்தால், அந்த மாற்றம் அங்கே இன்னும் நடைமுறைக்கு வந்திருக்காது. உடனே பலரும் வலையமைப்பைச் சந்தேகிக்கிறார்கள். அதைக் குறை சொல்வதற்கு முன்னால், இரண்டு சர்வர்களிலும் எந்தெந்த அமர்வுகள், அதாவது சர்வருடனான இணைப்புகள், திறந்திருக்கின்றன, அவை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்த்துவிடுவதே முறையானது. ஏனெனில் நகலின் பின்னடைவும் அமர்வுகளின் நடவடிக்கையும் ஒரே சிக்கலின் இரண்டு முகங்களாகவே பெரும்பாலும் வெளிப்படுகின்றன.

போஸ்ட்கிரெஸில் எந்த மாற்றமும் அட்டவணைக் கோப்புக்குப் போவதற்கு முன் மாற்றப் பதிவேட்டில் எழுதப்பட்டாக வேண்டும். வழக்கமான அமைப்பில் இந்தப் பதிவேடு 16 எம்பி அளவுள்ள கோப்புகளாகச் சேர்ந்துகொண்டே போகும். அதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் உண்டு. 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து, முதன்மையில் ஓர் அனுப்புநர் செயல்முறை இந்தப் பதிவேட்டை உடனுக்குடன் நகலுக்கு அனுப்புகிறது. நகலில் உள்ள பெறுநர் செயல்முறை அதை வட்டில் எழுதுகிறது. மூன்றாவதாக ஒரு செயல்முறை அதை வரிசைப்படி படித்து அட்டவணைகளில் ஏற்றுகிறது. முதன்மையில் நூற்றுக்கணக்கான அமர்வுகள் ஒரே நேரத்தில் எழுதலாம். நகலில் ஏற்றுவதோ அந்த ஒரே ஒரு செயல்முறைதான். இந்த ஏற்றத்தாழ்வு வடிவமைப்பிலேயே இருக்கிறது.

ஆகவே ‘எவ்வளவு தாமதம்’ என்பதைவிட ‘எந்தக் கட்டத்தில் தாமதம்’ என்பதே பயனுள்ள கேள்வி. முதன்மையில் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் என்ற வியூவை, அதாவது நிலவரத்தை அட்டவணை போலக் காட்டும் பார்வையை, திறந்தால் ஒவ்வொரு நகலுக்கும் ஒரு வரி இருக்கும். அனுப்பிய இடம், நகல் எழுதிய இடம், வட்டில் உறுதி செய்த இடம், அட்டவணையில் ஏற்றிய இடம் என நான்கு எண்கள் அந்த வரியில் அடுத்தடுத்து நிற்கும். முதன்மையின் தற்போதைய இடத்துக்கும் அனுப்பிய இடத்துக்கும் இடையில் இடைவெளி பெரிதாக இருந்தால் அனுப்புநரையோ வலையமைப்பையோ பார்க்க வேண்டும். அனுப்பியதற்கும் உறுதி செய்ததற்கும் இடையில் என்றால் வலையமைப்பு அல்லது நகலின் வட்டு. முதல் மூன்று எண்களும் ஒட்டி நின்று, ஏற்றிய இடம் மட்டும் 4 ஜிபி பின்னால் கிடந்தால், வலையமைப்பு தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்று பொருள். தரவு நகலின் வட்டுக்கு வந்துவிட்டது. அதை ஏற்றும் செயல்முறைதான் மெதுவாக நகர்கிறது, அல்லது எதற்காகவோ நின்றுகொண்டிருக்கிறது.

எதற்காக நிற்கிறது என்பதற்கான விடை, அமர்வுகளைப் பட்டியலிடும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூவை நகலில் திறந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். மாதாந்திர அறிக்கைக்காக யாரோ அங்கே ஒரு மணி நேரம் ஓடும் வினவலை விட்டிருப்பார்கள். அதே சமயம் முதன்மையில் வாக்யூம் என்ற துப்புரவுப் பணி ஓடி, யாருக்கும் தேவையில்லை என்று முடிவான பழைய வரிகளை நீக்கியிருக்கும். அந்த நீக்கம் பதிவேட்டின் வழியாக நகலுக்கு வரும்போது, அதே பழைய வரிகளை அறிக்கை வினவல் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தால் முரண்பாடு எழுகிறது. நகல் சிறிது நேரம் காத்திருக்கும். பிறகு வினவலை ரத்து செய்யும். இந்தப் பொறுமைக்கான எல்லை இயல்பாக 30 விநாடிகள். இது ஒவ்வொரு வினவலுக்கும் தனித்தனியாகத் தரப்படும் சலுகை அல்ல. பதிவேட்டுத் தரவு நகலுக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணப்படும் மொத்தக் கால அளவு. அதனால் நகல் ஏற்கெனவே 30 விநாடி பின்தங்கியிருந்தால், அப்போதுதான் தொடங்கிய ஒரு சிறு வினவல்கூட முரண்பட்ட கணத்திலேயே வெட்டுப்படலாம். நேற்றுவரை நன்றாக ஓடிய வினவல் இன்று ஏன் ரத்தாகிறது என்று குழம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லையை அடியோடு நீக்கிவிட்டால் அறிக்கை தப்பும். ஆனால் அது முடியும்வரை நகல் உறைந்து நிற்கும். மற்றொரு வழி, ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக் என்ற அமைப்பை இயக்கி, எந்த வரிகள் இன்னும் தேவை என்பதை நகலே முதன்மைக்குத் தெரிவிக்கச் செய்வது. அப்போது வாக்யூம் அந்த வரிகளைத் தொடாது. அதற்கு விலையாக முதன்மையின் அட்டவணைகள் ஊதிப் பெருக்கும். அறிக்கைகளுக்கென்றே தனி நகல் ஒன்றை ஒதுக்கி, அது பின்தங்கினால் பின்தங்கட்டும் என்று விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முதன்மையின் அமர்வுகளைப் படிப்பதற்கும் சற்றுப் பழக்கம் வேண்டும். ‘ஆக்டிவ்’ என்றிருக்கும் அமர்வு வேலை செய்துகொண்டிருப்பதாக நினைத்துவிடக் கூடாது. அது வேறொன்றுக்காகக் காத்துக்கொண்டும் இருக்கலாம். எதற்காகக் காத்திருக்கிறது என்பதைச் சொல்லும் வெயிட்_ஈவென்ட் என்ற பத்தி 2016-இல் 9.6 பதிப்பில் சேர்ந்தது. கமிட் செய்ய, அதாவது மாற்றங்களை உறுதியாக்க, வந்த பல அமர்வுகள் அந்தப் பத்தியில் ‘சிங்க்ரெப்’ என்று காட்டிக்கொண்டு வரிசையாக நின்றால், ஒத்திசைவு நகலின், அதாவது கமிட்டை முடிக்கும் முன் முதன்மை எந்த நகலின் பதிலுக்காகக் காத்திருக்கிறதோ அதன், பதிலுக்காக அவை நிற்கின்றன என்று அறியலாம். முதன்மை மெதுவாகிவிட்டது என்று புகார் வந்திருக்கும். பழுதோ நகலில் இருக்கும்.

இதைவிடத் தொல்லை தருவது ‘ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்’ நிலை. செயலி ஒரு பரிவர்த்தனையை, அதாவது ஒரே அலகாக நடக்க வேண்டிய செயல்களின் தொகுப்பை, தொடங்கி, ஏதோ ஒரு வரியைப் படித்துவிட்டு, கமிட்டும் செய்யாமல் திருப்பியும் பெறாமல் அப்படியே விட்டிருக்கும். பார்வைக்கு எந்தச் சுமையும் இல்லாத அமர்வு. ஆனால் அது படித்த அட்டவணையின் அமைப்பை மாற்ற வரும் ஆணை அதன் பூட்டுக்குப் பின்னால் நிற்கும். அந்த ஆணைக்குப் பின்னால் அதே அட்டவணையைச் சாதாரணமாகப் படிக்க வரும் வினவல்கள் அத்தனையும் நிற்கும். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷனிடம் கேட்டால் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று சொல்லும். அந்தச் சங்கிலியின் தலையில் இருப்பவரை மட்டும் நிறுத்தினால் போதும்.

தாமதத்தை நேரத்தால் அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கடைசியாக ஏற்றிய பரிவர்த்தனையின் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழிப்பது பரவலான வழக்கம். நள்ளிரவில் முதன்மையில் யாரும் எதுவும் எழுதாவிட்டால், நகல் ஒரு பைட்கூடப் பின்தங்காமல் இருந்தும் இந்தக் கணக்கு தாமதம் ஏறிக்கொண்டே போவதாகக் காட்டி எச்சரிக்கை மணியை அடித்துவிடும். பைட் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

நகல் அளவுக்கு மீறிப் பின்தங்கினால், அதற்குத் தேவையான பதிவேட்டுக் கோப்புகளை முதன்மை அழித்துவிடக்கூடும். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதுதான். திடீர்ச் சுமையில் நகல் பின்தங்கி, வேண்டிய கோப்புகள் இல்லாமல் நின்றது. அதை முதலிலிருந்து அமைக்க முயன்றபோது, நகலின் கோப்பகம் என்று எண்ணி முதன்மையின் கோப்பகத்தையே ஒரு பொறியாளர் அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மிஞ்சியபோதுதான் ஆணை நிறுத்தப்பட்டது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிம்பத்திலிருந்து (தரவின் அந்நேர நகல்) தளம் மீட்கப்பட்டது. இடைப்பட்ட மாற்றங்கள் போயின.

கோப்புகள் இப்படி முன்கூட்டியே அழிவதைத் தடுக்க, 2014-இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து ரெப்ளிகேஷன் ஸ்லாட் இருக்கிறது. நகல் வாங்கிக்கொள்ளும்வரை முதன்மை கோப்புகளை வைத்திருக்கும். ஆனால் நகலை நிறுத்தியவர் ஸ்லாட்டை நீக்க மறந்துவிட்டால், கோப்புகள் குவிந்து வட்டு நிரம்பி முதன்மையே நின்றுவிடும். 13-ஆம் பதிப்பிலிருந்து ஒரு ஸ்லாட் எத்தனை ஜிபிவரை தேக்கிவைக்கலாம் என்று வரம்பிட முடிகிறது. அந்த வரம்பு இயல்பாக அணைந்தே இருப்பதால், நிர்வாகிதான் அதை இட வேண்டும். வரம்பைத் தாண்டிய ஸ்லாட் செல்லாததாகிவிடும். அதை நம்பியிருந்த நகலை மீண்டும் முழுவதுமாக அமைக்க நேரலாம், ஆனால் முதன்மை நிற்காமல் ஓடும்.