வின்ச் பிரேக்கை எண்ணெய் பிடிப்பதில்லை

போன வியாழக்கிழமை மதியம், மலேசியாவில் பந்திங்கைத் தாண்டி ஒரு செம்பனை ஆலையில் தொட்டி மாற்றும் வேலை. 25 டன் லோரி கிரேன். மூன்று டன் தொட்டியைத் தூக்கி நிறுத்தி, லீவரை நடுவில் விட்டுவிட்டு ஆப்பரேட்டர் சிக்னலுக்காகக் காத்திருந்தார். தொட்டி தானாக இறங்க ஆரம்பித்தது. தடதடவென்று இல்லை, கிணற்றில் வாளி விடுவது மாதிரி மெதுவாக. கீழே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பையன் முகமூடி போட்டிருந்ததால் மேலே பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தான். ஆப்பரேட்டர் லீவரை மேலே இழுத்த பிறகுதான் தொட்டி நின்றது. நாலடி இறங்கியிருந்தது.

கிரேன் மெக்கானிக்கான நான் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. அதற்குள் அங்கிருந்த ஃபோர்மேன் எண்ணெய் அழுத்தத்துக்கு உச்ச வரம்பு வைக்கும் ரிலீஃப் வால்வை இரண்டு சுற்று முறுக்கி ஏற்றியிருந்தார். “பிரஷர் பத்தல அண்ணே, அதான் பிரேக் புடிக்கல. ஏத்திவிட்டுட்டேன், ஆயிலும் ஊத்தியாச்சு” என்றார். இந்த வருஷத்தில் இதே பேச்சை நான்காவது முறையாகக் கேட்கிறேன். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

காரில் காலை அழுத்தினால் எண்ணெய் தள்ளுகிறது, பிரேக் பிடிக்கிறது. மோட்டார் சைக்கிள் டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில், எண்ணெய் அழுத்தம் கூடினால் பிரேக் இறுக்கும் என்று மனத்தில் பதிந்துபோகிறது. கிரேனில் கயிற்றை டிரம்மில் சுற்றிப் பாரம் தூக்குகிற வின்ச்சின் பிரேக் இதற்கு நேர்மாறு. டிரம்மைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங். அடுக்கி வைத்த பிளேட்டுகளை ஸ்பிரிங்குகள் எந்நேரமும் நெருக்கிக்கொண்டிருக்கும். எண்ணெயின் வேலை அந்த ஸ்பிரிங்கைத் தள்ளி, பிளேட்டுகளை விலக்கி, பிரேக்கைத் திறந்துவிடுவது. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு மாதிரி. ஸ்பிரிங் சாத்தும், எண்ணெய் தள்ளித் திறக்கும். எஞ்சின் நின்றாலும் ஹோஸ் வெடித்தாலும் பாரம் தலையில் விழக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் பாரம் சறுக்கும்போது பிரஷரை ஏற்றினால் என்ன ஆகும்? பிரேக் ஒரு துளிகூட இறுகாது. ஆனால் கிரேன், எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் தன் லோட் சார்ட்டைத் தாண்டிய பாரத்தையும் இழுக்கப் பார்க்கும். ஹோஸ், பம்ப், கிரேனின் கையான பூம் எல்லாவற்றுக்கும் சுமை ஏறும். சறுக்குகிற பிரேக்கில் அதிகப் பாரத்தைத் தொங்கவிட வழி செய்ததுதான் மிச்சம். ஃபோர்மேன் அண்ணன்மாரே, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டாமல் ரிலீஃப் வால்வில் கைவைக்காதீர்கள்.

சரி, அன்றைக்கு என்னதான் கோளாறு? முதலில் பாரத்தைத் தரையில் இறக்கிவிட்டு, பிரேக் லைனில் ஒரு கேஜ் மாட்டினேன். எஞ்சின் ஓடுகிறது, லீவர் நடுவில் இருக்கிறது. முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். 14 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நின்றது. எஞ்சினை அணைத்தேன், முள் கீழே விழுந்தது. பிறகு சும்மா ஒரு கான்கிரீட் கட்டையை ஒரு சாண் தூக்கி, டிரம்மிலும் பக்கத் தகட்டிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். எஞ்சின் அணைந்திருக்கும்போது பத்து நிமிஷம் பார்த்தோம், கோடு அசையவில்லை. எஞ்சினை ஓடவிட்டு லீவரைத் தொடாமல் இருந்தோம். கோடு இரண்டாகப் பிரிந்து நகர்ந்தது.

இதைவிடத் தெளிவாக ஒரு மிஷின் பேச முடியாது. எஞ்சின் நின்றால் பிடிக்கிறது, ஓடினால் விடுகிறது என்றால் பிளேட்டில் குற்றமில்லை. திரும்பிப் போக வேண்டிய எண்ணெய் எங்கோ தேங்கி, பிரேக்கைப் பாதி திறந்து வைத்திருக்கிறது. எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழியில் உள்ள ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றினோம். காகிதம் தெரியாத அளவுக்குக் கறுப்புச் சேறு, நடுவில் ஒடுங்கியும் போயிருந்தது. ஃபில்டர் அடைத்தால் எண்ணெய்க்கு மாற்று வழி விடும் பைபாஸ் வால்வும் சிக்கியிருந்தது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. புது ஃபில்டர், புது எண்ணெய், ரிலீஃப் வால்வு பழையபடி கையேட்டு அளவுக்கு. முள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வந்து நின்றது.

எஞ்சின் நின்றபோதும் சறுக்கினால் அது வேறு கதை. பிளேட் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் களைத்திருக்கும், அல்லது வின்ச்சுக்குள் யாரோ கையில் கிடைத்த கியர் எண்ணெயை ஊற்றியிருப்பார்கள். எண்ணெயில் மூழ்கி வேலை செய்யும் பிளேட்டுகளுக்கு எல்லா எண்ணெயும் ஒத்துக்கொள்ளாது. சில எண்ணெயில் வழுக்குவதற்கென்றே மருந்து சேர்த்திருக்கும். கையேட்டில் உள்ளதைத்தான் ஊற்ற வேண்டும், கடைக்காரர் “அதே மாதிரிதான் அங்கிள்” என்று எடுத்துக் கொடுப்பதை இல்லை. இதற்கு மாறாக வின்ச் சூடாகி, தீய்ந்த வாடை வந்து, இறக்கும்போது இழுத்துப் பிடித்தால் பிரேக் முழுசாகத் திறக்கவில்லை. ஸ்பிரிங்கைத் தள்ளுகிற பிஸ்டனின் சீல் போயிருக்கலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பிரேக் மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங்குகள் அழுத்தி அடைபட்டு உட்கார்ந்திருக்கின்றன. போல்ட்டை ஒரே பக்கமாகக் கழற்றினால் மூடி முகத்துக்கு வரும். பாரம் தொங்கும்போது வின்ச் மோட்டாரைக் கழற்றலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கூடவே கூடாது.

கிரேனின் சக்கர பிரேக் வேறு சாமான். அது கார் மாதிரிதான், பல கிரேன்களில் காற்றும் பிரேக் ஆயிலும் சேர்ந்து வேலை செய்யும். இங்கே நடக்கிற தப்பு, பிரேக் ஆயில் டப்பாவில் ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றுவது. இரண்டும் ஆகவே ஆகாது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலுக்கு என்று செய்த ரப்பர், மினரல் எண்ணெய் பட்டால் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான், வேறு வழியே இல்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று சந்தேகமா? ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் கலக்குங்கள். டாட் 3, டாட் 4 கரைந்துவிடும், ஹைட்ராலிக் எண்ணெய் மேலே மிதக்கும்.

அந்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140தான். ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் மழையில் நனைந்துகொண்டு நிற்கிற நம்மூர் கிரேன்களுக்கு நான் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். மூடி திறந்து வைத்த பழைய டின்னை அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

எண்ணெய் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஊசி முனை ஓட்டையிலிருந்து பீய்ச்சுகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், வலிகூடத் தெரியாது. உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டையை நீட்டிப் பாருங்கள். அப்படிப் பட்டுவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், “பிரஷரில் எண்ணெய் ஏறிவிட்டது” என்று அந்த வார்த்தையைச் சொல்லியே காட்டுங்கள்.

பி.எம்.ஏ. எண் (தூக்கும் இயந்திரத்துக்கான பதிவு எண்) இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, பிறகென்ன என்று முதலாளிகள் கேட்கிறார்கள். தொழிற்சாலைகள் மற்றும் இயந்திரங்கள் சட்டம் 1967, 2024 ஜூன் 1 முதல் ரத்தாகி, எல்லாம் இப்போது 1994 தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சட்டம் எதுவானாலும், அதிகாரி பார்ப்பது ஒரு நாள். மற்ற நாளெல்லாம் பார்க்க வேண்டியது நாம்தான். காலையில் முதல் பாரத்தை ஒரு சாண் தூக்கி, சாக்பீஸ் கோடு போட்டு, எஞ்சின் ஓடும்போது இரண்டு நிமிஷம், அணைத்து இரண்டு நிமிஷம் பாருங்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அந்த நேரம் கீழே ஒருவரும் நிற்கக்கூடாது.

கோடு நகர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது எஞ்சின் ஓடும்போதா நின்றபோதா, சூட்டிலா ஆறியிருக்கும்போதா, எத்தனை டன்னில் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும், கேரித்தீவிலிருந்து இன்னொரு தடவை பட்டறைக்குத் திரும்பி ஓட வேண்டியதில்லை.