சட்டைப் பையில் பாதி மாத்திரை

கோத்தகிரியில் காலை ஏழு மணிக்கு மருந்துக் கடையைத் திறக்கும்போதே யாராவது ஒருவர் காதோடு மப்ளரைச் சுற்றிக்கொண்டு நிற்பார். "நெஞ்சில் வாயு அடைத்துக்கொண்டிருக்கிறதம்மா, ஏதாவது கொடு" என்பார். அதைக் கேட்டதும் என் கை ஒரு கணம் நின்றுவிடும். 2011 டிசம்பரில் ஒரு விடியற்காலை இதையே என்னிடம் தொலைபேசியில் சொன்னவர் என் அப்பா.

இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தப் பக்கம் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். பதுளையில் பிறந்து, பத்தொன்பது வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி இந்த மலைக்கு வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில், தூளை உலர்த்தும் டிரையர் இயந்திரத்தில் வேலை. பிரித்த தூளை ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

வேலை முடிந்து வந்தால் லயத்து வேலை, அதாவது எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளின் வேலை, தொடங்கிவிடும். குடும்ப அட்டையில் பெயர் தப்பா, முதியோர் உதவித்தொகைக்கு மனுவா, பள்ளியில் சேர்க்கச் சான்றிதழா, எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். நள்ளிரவில் யாருக்காவது பிரசவ வலி என்றாலும் தட்டுவது எங்கள் கதவைத்தான். ஜீப் பிடிப்பதும், கூடவே போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதும் அவர். அம்மாவுக்கு இதில் கோபம் உண்டு. "ஊருக்கெல்லாம் மாத்திரை வாங்கித் தருகிறவர் தன் மாத்திரையை மறந்துவிடுவார்" என்பார்.

அன்று இரவு ஷிப்ட் முடிந்து, டிரையரின் வெக்கையிலிருந்து உறைபனிக்குள் நடந்து வந்திருக்கிறார். நான் அப்போது கோவையில் ஒரு கடையில் மருந்தாளுநர். போனில் முதலில் சொன்னது பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோன செய்தி. வைப்பதற்கு முன்தான், "எனக்கும் கொஞ்சம் நெஞ்சு அடைப்பாக இருக்கிறது பாப்பா, வாயுதான்" என்றார். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொன்னேன். பார்மசி படித்தவள் சொன்ன வைத்தியம் அது. ஒன்பது மணிக்கு அம்மா எழுப்பியபோது அவர் எழவில்லை.

அவருடைய சட்டைப் பையில் செய்தித்தாள் துண்டில் மடித்த ஐந்து பாதி மாத்திரைகள் இருந்தன. அட்டினோலால் என்ற பிரஷர் மாத்திரை. பிளேடால் நேராக வெட்டியவை. பாட்டிக்குத் தீரும்போதெல்லாம் தன்னுடையதைப் பாதியாக்கிப் பங்கு போட்டிருக்கிறார். அட்டினோலால், மெட்டோபிரோலால் வகை மாத்திரைகளைத் திடீரென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அன்று அதுதான் காரணமா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதிகளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இதே பழக்கத்தைக் கடையில் வாரம் இரண்டு முறையாவது பார்க்கிறேன். தலைசுற்றல் இல்லையென்றால் பிரஷரும் இல்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். 140/90க்கு மேலே போனாலும் பெரும்பாலோருக்கு உடம்பு எதையும் காட்டாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை இஷ்டத்துக்கு உடைத்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கிவிடக்கூடும். பங்கு போடுவதற்கு இப்போது அவசியமும் இல்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள்.

வாயு மருந்து கேட்பவரிடம் இப்போது சில கேள்விகள் கேட்காமல் எதையும் எடுத்துத் தருவதில்லை. வலி நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல இருக்கிறதா? தோள், தாடை, மேல்வயிறு எங்காவது பரவுகிறதா? இந்தக் குளிரிலும் வியர்க்கிறதா? குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இதயத்துக்கு வேலை கூடும் என்பதால் பனிக்காலக் காலைகளில் எனக்குச் சந்தேகம் அதிகம். சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டுமாக வரலாம். ஒன்றுக்கு ஆம் என்றாலும் 108தான்; நடந்தோ பைக்கிலோ போக விடமாட்டேன். 108 ஊழியர்கள் சொன்னால், ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவருக்கு ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கக் கொடுப்பேன்.

மலைவாசிகள் செய்யும் இன்னொரு தவறு, நேராகக் கோவைக்கு ஜீப் பேசுவது. மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரம் போல ஆகும். முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில் இசிஜி எடுங்கள். உறைந்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி எவ்வளவு சீக்கிரம் போடப்படுகிறதோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். கோவைக்கு அனுப்புவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

போன வாரம் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், மூன்று பேருடைய மருந்துச் சீட்டுகளோடு வந்தார். மூன்றில் ஒன்றும் அவருடையதில்லை. ஸ்டூலில் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினேன். 172/104. "இதை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் மேடம்" என்று எழுந்தார். பையை வாங்கிக் கவுண்டருக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கடைப் பையனைத் துணைக்கு அனுப்பி, முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.